ஆச்சியின் முகம் ஆச்சியின் நிறத்திலேயே: எப்சன் எல்8050 பிரிண்டருடன் இருபது மாதம்

நெல்லை மாவட்டத்தில் பறவைகள் வந்து கூடு கட்டும் ஊரான கூந்தன்குளத்தில் எனக்குப் பழக்கமான ஆச்சி ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டு முற்றத்தில் பெரிய வேப்பமரம். தை பிறந்தால் அந்த மரம் முழுக்க மஞ்சள்மூக்கு நாரைகளின் கூடுதான். கீழே எச்சம் விழுந்து முற்றம் சுண்ணாம்பு அடித்த மாதிரி கிடக்கும். ஆச்சி அதைப் பெருக்கி ஓரமாகத் தள்ளிவிட்டு, மரத்தடியிலேயே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பார். 2024 மாசியில் அப்படி உட்கார்ந்திருந்தவரைப் படம் எடுத்தேன். தலைக்கு மேலே தாழ்ந்த கிளையில் ஒரு நாரை பாதிச் சிறகை விரித்து நின்றது. பத்து வருஷமாகப் பறவைகளைப் படம் எடுக்கிறேன். அத்தனையிலும் எனக்கு அதிகம் பிடித்தது அதுதான்.

பாளையங்கோட்டைக்கு வந்ததும் ஒரு கடையில் அதைப் பிரிண்ட் போடக் கொடுத்தேன். மறுநாள் கவரைப் பிரித்துப் பார்த்தால் ஆச்சி முகம் ரோஸ் பவுடர் பூசியது போல வெளுத்திருந்தது. நாரையின் வாலை ஒட்டிய இறகுகளில் இருக்கும் ரோஜா நிறம் சுத்தமாக இல்லை. கடைத் தம்பியிடம் கேட்டேன். "கருப்பா இருந்தா யாரும் வாங்க மாட்டாவ டீச்சர். மெஷின்லயே பிரைட் பண்ணிட்டுத்தான் போடுவோம்" என்றார். அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நம் ஊர் ஸ்டுடியோக்களில் எத்தனையோ வருஷமாக நடப்பதுதான். கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் குடும்பமே ஒரே நிறத்தில் இருக்கும். ஆனால் எனக்கு ஆச்சியைத்தான் பிடிக்கும், வெளுத்த ஆச்சியை அல்ல. அந்தப் படத்தை நான் அவரிடம் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் வீட்டுக்கு பிரிண்டர் வந்தது.

என் வீட்டுக்காரர் முதலில் வேண்டாம் என்றார். போட்டோ பிரிண்ட் போட 25,000 ரூபாயை ஒட்டிச் செலவழிப்பதா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி, அதற்குப் பின்னால் கணக்கோடு வருகிறேன். முதலில் மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எப்சன் எல்8050 பிரிண்ட் மட்டும் எடுக்கும். ஸ்கேனர் கிடையாது, ஜெராக்ஸ் கிடையாது. பெரிய அளவு என்றால் ஏ4 வரை. தாளைப் பின்பக்கம் நிறுத்திவைக்க வேண்டும். வைஃபை இருப்பதால் போனிலிருந்தே அனுப்பலாம். ஐடி கார்டு போன்ற பிளாஸ்டிக் அட்டையிலும் அச்சிடும். எங்கள் பள்ளி இயற்கைக் கழகப் பிள்ளைகளுக்கு நானே அட்டை போட்டுக் கொடுத்தேன். இங்க் பாட்டில்கள் ஒவ்வொன்றும் 70 மில்லி, மொத்தம் ஆறு. இந்த ஆறு என்ற எண்ணுக்காகத்தான் நான் இதை வாங்கினேன்.

சாதாரண கலர் பிரிண்டரில் நான்கு இங்க் இருக்கும்: நீலம், மெஜந்தா என்ற அடர் ரோஸ், மஞ்சள், கருப்பு. இதில் அந்த நான்கோடு வெளிர் நீலமும் வெளிர் மெஜந்தாவும் உண்டு. இது ஏன் வேண்டும் என்பதை நாரையை வைத்தே சொல்லலாம். மஞ்சள்மூக்கு நாரை உடம்பெல்லாம் வெள்ளை. நெஞ்சின் குறுக்கே கருப்புப் பட்டை. முதுகின் பின்பக்கம், வாலை மூடிக் கிடக்கும் இறகுகளில் மட்டும் ஒரு ரோஜா நிறம். அது ஓர் இடத்தில் அழுத்தமாகத் தொடங்கி, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி வெள்ளைக்குள் கரைந்துவிடும். நான்கு இங்க் மட்டும் இருந்தால் அந்தக் கரையும் இடத்தைக் காட்ட பிரிண்டருக்கு ஒரே வழிதான்: அழுத்தமான மெஜந்தாத் துளிகளைத் தள்ளித் தள்ளித் தெளிப்பது. கிட்டே வைத்துப் பார்த்தால் வெள்ளை இறகில் தட்டம்மை போட்ட மாதிரி புள்ளி தெரியும். வெளிர் மெஜந்தா இருந்தால் அதே இடத்தில் நிறைய வெளிர் துளிகளை நெருக்கமாக இடலாம். புள்ளி கண்ணுக்குத் தெரியாது. நிறம் மட்டும் தெரியும். மனுஷத் தோலுக்கும் இதே கதைதான். கன்னத்திலிருந்து காதோரம் வரை நிழல் மெல்ல ஏறும் இடம், நெற்றிச் சுருக்கத்துக்குள் இருக்கும் கருமை, இதையெல்லாம் காப்பாற்றுவது அந்த இரண்டு வெளிர் பாட்டில்கள்தான். அந்திவானத்துக்கும் அப்படியே.

சரி, வாங்கியாயிற்று. ஆச்சி படத்தை அனுப்பிவிட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தாளை உள்ளே இழுத்து, ஒரு நொடி நின்று, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியது. முதலில் வேப்பிலையும் வானமும். அடுத்து நாரையின் அலகு. சிறகு. அதற்குக் கீழே ஆச்சியின் நரைத்த உச்சி. ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. முகம் வந்தபோது எனக்குத் திக்கென்றது. ரொம்பக் கருப்பு. கண்கள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. புடவையின் அரக்குச் சிவப்பு மரநிழலோடு ஒட்டிப்போய்விட்டது. கடையில் வெளுத்துப்போன ஆச்சி, என் வீட்டில் இருண்டுபோனார்.

காரணம் மெஷினில் இல்லை. கம்ப்யூட்டர் திரை தானே வெளிச்சம் விடும் பொருள். தாள் அப்படியில்லை, அறையில் இருக்கும் வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் கொடுப்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். திரையின் பிரகாசத்தை முழுசாக ஏற்றி வைத்துக்கொண்டு "படம் நன்றாக இருக்கிறது" என்று நாம் முடிவு செய்கிறோம். அதையே தாளில் பார்த்தால் இருட்டு. புதிதாகத் தொடங்கும் எல்லோருக்கும் முதல் பிரிண்ட் இப்படித்தான் வரும். திரையின் பிரகாசத்தைப் பாதியளவுக்கு இறக்கி, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே வெண்மையாகத் தெரியும் வரை சரிசெய்தேன். இந்த ஒரு வேலையில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இன்னொரு தப்பும் செய்திருந்தேன். நிறத்தைச் சரிசெய்யும் பொறுப்பை பிரிண்டரிடம் விடலாம், அல்லது நாம் படத்தைத் திருத்தும் மென்பொருளிடம் விடலாம். இரண்டில் ஒன்றுதான் செய்ய வேண்டும். நான் இரண்டையும் திறந்து வைத்திருந்தேன். ஒன்று திருத்தியதை இன்னொன்று மறுபடி திருத்தி, சிவப்பு தூக்கலாகிவிட்டது. அதோடு என்ன தாள் வைத்திருக்கிறோம் என்று பிரிண்டரில் சரியாகச் சொல்லவும் வேண்டும். பளபளப்புத் தாளை வைத்துவிட்டுச் சாதாரணத் தாள் என்று சொன்னால் இங்க் அளவே மாறிப்போகும்.

அப்புறம் ஒரு பழைய இருட்டறை வித்தையைச் செய்து பார்த்தேன். அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் முழுத் தாளையும் வீணாக்காமல், ஒரு துண்டுத் தாளில் பட்டை பட்டையாக வேறு வேறு நேரம் வெளிச்சம் காட்டி, எது சரி என்று பார்ப்பார்கள். நான் ஆச்சியின் முகத்தை மட்டும் வெட்டி, நான்கு அளவு பிரகாசத்தில் ஒரே 4×6 தாளில் நான்கு பட்டையாகப் போட்டேன். அதை எடுத்துக்கொண்டு தார்சாவுக்கு, அதாவது வீட்டு முன்பக்கத் தாழ்வாரத்துக்கு, போனேன். டியூப்லைட்டில் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. காலை ஒன்பது மணிக்கு எங்கள் தார்சாவில் வெயில் நேராக விழாது, ஆனால் வெளிச்சம் தாராளமாக இருக்கும். அங்கே வைத்துப் பார்த்தால் மூன்றாவது பட்டையில் ஆச்சி இருந்தார். மூக்குத்திக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மினுமினுப்பு, கன்னத்தில் அந்தக் காப்பிக்கொட்டை நிறம், கண்ணுக்குக் கீழே நிழல். நாரையின் ரோஜா நிறத்துக்குத் தனியாக ஒரு சின்னத் திருத்தம். மறுபடி போட்டேன். வந்துவிட்டது.

வீட்டில் பிரிண்ட் போடுவதால் என்ன கிடைக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: இரண்டாவது பிரிண்ட். கடையில் கொடுத்தால் வந்தது வந்ததுதான். பிடிக்கவில்லை என்றாலும் கவருக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவோம். யாரோ ஒருவருடைய கண்ணோ, ஒரு மெஷினோ, நம் மனுஷர்களின் நிறத்தை முடிவு செய்துவிடுகிறது. வீட்டில் முதல் பிரிண்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கலாம். அன்றைக்கு அந்த மரத்தடியில் எவ்வளவு வெளிச்சம் இருந்தது, புடவை உண்மையில் என்ன நிறம் என்று ஞாபகத்தைத் தோண்டிப் பார்க்கலாம். திருத்தி இன்னொன்று போடலாம். இப்படித் திருத்தித் திருத்தியே நான் படம் எடுக்கும் விதமும் மாறிவிட்டது. வெள்ளைப் பறவையை எடுக்கும்போது இப்போதெல்லாம் கொஞ்சம் இருட்டாகவே எடுக்கிறேன். சிறகின் வெண்மை ஒருமுறை வெளுத்துப்போனால், அங்கே தாளில் ஒரு துளி இங்க்கும் விழாது. வெறும் தாள்தான் தெரியும். எந்தத் திருத்தத்தாலும் அந்த இறகைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இதைத் திரை எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தாள்தான் சொல்லிக் கொடுத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படத்தைக் கொண்டுபோனேன். கூந்தன்குளம் நாங்குநேரிப் பக்கம், மூலைக்கரைப்பட்டியைத் தாண்டி இருக்கிறது. 1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் அதற்கு ரொம்ப முன்னாலிருந்தே பறவைகளைக் காத்துவருவது அந்த ஊர்க்காரர்கள்தான். வீட்டு மரங்களில் கூடு கட்டினால் கலைக்க மாட்டார்கள். தீபாவளிக்கு வெடி போடுவதைத் தவிர்ப்பார்கள். கீழே விழுந்த குஞ்சை எடுத்து வளர்ப்பவர்களும் உண்டு. எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு அள்ளிப் போடுவார்கள். பட்டைத்தலை வாத்து இமயத்துக்கு அப்பாலிருந்து வருகிறது என்று படம் எடுக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். ஊர்க்காரர்களையும் எடுக்கிறார்கள்.

ஆச்சி முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு, படத்தை ஓரமாகப் பிடித்து வாங்கினார். முதலில் தன்னைப் பார்க்கவில்லை. மேலே நாரையைப் பார்த்தார். பிறகு மடியில் கிடந்த கீரையை. "காம்பு கூடத் தெரியுது பாரு" என்றார். கடைசியில்தான் முகத்துக்கு வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "ஆமா, நான் இப்பிடித்தான இருக்கேன்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "வருசா வருசம் பெரிய பெரிய கேமராவத் தூக்கிட்டு வாராவ. எடுத்துட்டுப் போயிருதாவ. திரும்பக் கொண்டாந்து குடுத்தது நீதான் பிள்ள" என்றார். அன்றைக்குப் பக்கத்து வீட்டு மதினி, டீக்கடை அண்ணாச்சி, குளத்தங்கரையில் ஆடு மேய்க்கும் பையன் என்று ஏழு பேர் தங்களையும் எடுக்கச் சொன்னார்கள். ஏழு பேருக்கும் அடுத்த வாரமே கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்றுவரை அந்த ஊரில் நான் கொடுத்த படங்கள் நூற்றைம்பதைத் தாண்டும்.

இப்போது வீட்டுக்காரரின் கேள்வி. நான் ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன். இருபது மாதத்தில் 4×6 அளவில் 1,430, ஏ4 அளவில் 62. ஒரிஜினல் இங்க்கும் நல்ல தாளும் சேர்த்து 4×6 ஒன்றுக்கு எனக்கு ஆறு ரூபாய் ஆகிறது. அதில் பாதிக்கு மேல் தாளின் விலை. எங்கள் பக்கத்துக் கடைகளில் ஒன்றிரண்டாகக் கொடுத்தால் 10 முதல் 15 ரூபாய். மொத்தமாகக் கொடுத்தால் அவர்களும் குறைத்துத்தான் போடுகிறார்கள். ஆகவே பணம் மிச்சமாகும் என்று நம்பி வாங்க வேண்டாம். மெஷின் விலையையும், நான் திருத்திப் போட்ட சோதனைத் தாள்களையும் சேர்த்தால் இன்னும் எனக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. முதலில் தீர்ந்தவை வெளிர் நீலமும் வெளிர் மெஜந்தாவும். வானமும் முகமுமாகவே போடுகிறவர்களுக்கு அப்படித்தான் தீரும். அந்த இரண்டையும் ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தாள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆரம்பத்தில் பெயர் தெரியாத மலிவுத் தாள்கட்டு ஒன்றை வாங்கினேன். மறுநாள் தொட்டாலும் கருப்பு விரலில் ஒட்டியது. போட்டோத் தாளின் மேல் இங்க்கை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் பூச்சு ஒன்று உண்டு. அது சரியில்லாவிட்டால் எவ்வளவு நல்ல இங்க்கும் மேலேயே தேங்கி நிற்கும். கனத்தை ஜிஎஸ்எம் என்று போட்டிருப்பார்கள். 180 என்றால் பள்ளிச் சுவரில் ஒட்டப் போதும். கையில் கொடுக்க வேண்டிய படத்துக்கு 260, 270 இருந்தால்தான் படம் என்ற கனம் தெரிகிறது. பளபளப்பில் நிறம் துள்ளும், ஆனால் கைரேகை விழும். சன்னல் வெளிச்சம் பட்டால் கண் கூசும். பறவைகளுக்குப் பளபளப்பும், வயசான முகங்களுக்கு லேசான சொரசொரப்பு உள்ள லஸ்டர் தாளும் வைக்கிறேன். சுருக்கங்கள் அதில் அவ்வளவு அழகாக விழுகின்றன. எந்தப் பக்கம் பூச்சு என்று குழப்பம் வந்தால் விரலை லேசாக ஈரமாக்கி மூலையைத் தொடுங்கள். ஒட்டுகிற பக்கம்தான் பிரிண்ட் பக்கம்.

போனில் எடுத்த படத்தைப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான போன் படங்கள் 4:3 வடிவம். 4×6 தாள் 3:2. அகலத்தை முழுசாக நிரப்பினால் உயரத்தில் அரை அங்குலம் வெட்டுப்படும். போகிற அரை அங்குலம் பெரும்பாலும் யாருடைய தலையாகவோ காலாகவோ இருக்கும். எங்கே வெட்டலாம் என்று நீங்களே பார்த்து வெட்டுங்கள், மெஷினிடம் விடாதீர்கள். ஓரமில்லாமல் போடும்போது இன்னும் சில மில்லிமீட்டர் போகும். வாட்ஸ்அப்பில் வரும் படம் சுருங்கித்தான் வரும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். 4×6க்கு 1,200க்கு 1,800 பிக்சல் இருந்தால் தாராளம். ஏ4க்கு அதைப்போல நான்கு மடங்கு வேண்டும்.

இங்க்ஜெட் எதுவானாலும் அதற்கு வாரம் ஒருமுறை வேலை கொடுத்தாக வேண்டும். எப்சன் தலைப்பகுதியில் மின்சாரம் பட்டால் நெளியும் படிகம் ஒன்று இருக்கிறது. அந்த நெளிவுதான் இங்க்கைத் துளியாகத் தள்ளுகிறது. துளி வெளியேறும் துளை முடியை விட மெல்லியது. அதில் இங்க் காய்ந்தால் அடைத்துக்கொள்ளும். சென்ற கோடை விடுமுறையில் மகன் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போய்விட்டேன். கத்திரி வெயில் முழுக்க, நாற்பது நாள், பூட்டிய அறையில் பிரிண்டர் சும்மா கிடந்தது. வந்து சோதனைத் தாள் போட்டால் மஞ்சளில் பாதிக் கோடுகளைக் காணோம். ஆச்சி முகம் நீலம் பாரித்து வந்தது. தப்பு என்னுடையது. இரண்டு முறை சுத்தம் செய்யும் கட்டளை கொடுத்து, அதற்கு மேல் கொடுக்காமல் ஓர் இரவு விட்டுவிட்டேன். திரும்பத் திரும்பக் கொடுத்தால் இங்க்தான் வீணாகும். மறுநாள் காலை இன்னொரு முறை. எல்லாக் கோடுகளும் வந்துவிட்டன. இப்போது சனிக்கிழமைதோறும் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு ஒரு படம் போடுகிறேன். ஊருக்குப் போனால் எதிர்வீட்டுப் பிள்ளையிடம் சாவியையும் பத்துத் தாளையும் கொடுத்துவிட்டு, உனக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

பழைய படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா ஒரு ரோலின் 36 படத்தையும் எண்ணி எண்ணித்தான் எடுப்பார். கழுவிக் கொண்டுவரப் பத்து நாள் ஆகும். அந்தக் காத்திருப்பில் வந்த படங்கள்தான் இன்னும் வீட்டில் இருக்கின்றன. நடுவில் பதினைந்து வருஷம், என் மகன் வளர்ந்த காலம் முழுக்க, ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது. சென்ற மழைக்காலத்தில் அதிலிருந்து 200 படங்களைத் தேர்ந்தெடுத்துப் போட்டேன். ஆயிரக்கணக்கில் இருப்பதிலிருந்து 200ஐ எடுப்பதற்கே ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் எனக்குச் சந்தோஷமாகப் போனது. என் அம்மாவின் கருப்பு வெள்ளைக் கல்யாணப் படத்தைத் தார்சா நிழலில் வைத்து கேமராவால் எடுத்து, அதையும் ஏ4இல் போட்டேன். கலர் இங்க்குகளைக் கலந்துதான் சாம்பல் நிறத்தை உண்டாக்குகிறது என்பதால் முதல் பிரிண்டில் லேசான பச்சை ஏறியிருந்தது. நான்காவதில் சரியாயிற்று. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருந்த சமயம். படத்தை மடியில் வைத்துக்கொண்டு, பின்வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவரையும் விரல் வைத்துப் பெயர் சொன்னார். இரண்டு பேரை நான் அதுவரை யாரென்றே அறிந்ததில்லை. உடனே பென்சிலால் பின்பக்கம் எழுதி வைத்தேன்.

யார் வாங்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு இரண்டு விசேஷம், நாற்பது ஐம்பது படம் என்றால் கடையிலேயே போடுங்கள். திருத்திய பிறகு "எதையும் மாற்றாமல் போடுங்கள்" என்று சொல்லிக் கொடுங்கள். பல கடைகளில் கேட்டால் செய்கிறார்கள். பிள்ளைகளின் புராஜெக்ட், கரண்ட் பில், ஆதார் ஜெராக்ஸ் இவைதான் தேவை என்றால் ஸ்கேனரோடு வரும் சாதாரண மெஷின் போதும். ஏ4ஐ விடப் பெரிதாகப் போட ஆசை என்றால் இதே வரிசையில் ஏ3 பிளஸ் வரை போகும் எல்18050 இருக்கிறது. கண்காட்சிக்கோ விற்பனைக்கோ போடுகிறவர்கள் பிக்மென்ட் இங்க், அதாவது நுண்ணிய நிறத்துகள் கலந்த, எளிதில் மங்காத இங்க் உள்ள மெஷினைப் பார்க்க வேண்டும். இதிலிருப்பது சாய இங்க்; தாளுக்குள் ஊறி நிறத்தை அழகாகக் காட்டும், ஆனால் வெயிலும் ஈரக்காற்றும் நேராகப் பட்டால் சீக்கிரம் மங்கும். ஆல்பத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. போட்ட படத்தை ஒரு நாளாவது திறந்து வைத்து உலரவிட்டுத்தான் உறைக்குள் போட வேண்டும். பிரேம் போட்டால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில், படம் தெரியும்படி உள்ளே சன்னல் போல வெட்டிய மவுண்ட் அட்டை கட்டாயம்; படம் கண்ணாடியில் ஒட்டாது.

இந்தக் கடைசி விஷயத்தை நான் ஆச்சியிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர் அந்தப் படத்தை முருகன் படத்துக்குப் பக்கத்தில், பழைய பிரேம் ஒன்றில் கண்ணாடியோடு ஒட்டினாற்போல வைத்திருந்தார். இந்த ஐப்பசி மழையில் சுவர் ஓதம் ஏறி, படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. பிரிக்கப் போனபோது நாரையின் சிறகு கண்ணாடியோடு போய்விட்டது. சென்ற வாரம் போனபோது அதைக் கொண்டுவந்து காட்டினார். "இதே மாதிரி இன்னொண்ணு போட்டுக் கொண்டா பிள்ள. மாத்திராத, இதே மாதிரி" என்றார்.

வந்த அன்று ராத்திரியே கம்ப்யூட்டரைத் திறந்தேன். கடைசியாகச் சரிசெய்த கோப்பு அப்படியே இருந்தது. என்ன தாள், என்ன அளவு, எந்தத் திருத்தம் என்பது நோட்டின் நான்காம் பக்கத்தில் இருந்தது. சோதனைத் தாள் போட்டேன். ஆறு நிறமும் முழுசாக வந்தது. லஸ்டர் தாளை வைத்துப் படத்தை அனுப்பினேன். வேப்பிலை, அலகு, சிறகு, நரைத்த உச்சி, முகம், கீரை. காலையில் தார்சாவில் வைத்துப் பார்த்தேன். மூக்குத்திப் பக்கத்து மினுமினுப்பு இருந்தது. மேஜை மேல் இப்போது உலர்ந்துகொண்டிருக்கிறது. நாரைகள் இன்னும் வந்து சேரவில்லை என்று ஆச்சி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன், மவுண்ட் அட்டை வைத்த பிரேமோடு.